மார்பகப் புற்றுநோயும் கதிர் மருத்துவமும்



நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த நாளில் எங்கள் வீட்டில் பெரியம்மா ஒருவர் இருந்தார். சுடும் கோடையிலும் அவர் தமது இடக் கையைச் சேலைத் தலைப்பால் போர்த்தியே வைத்திருப்பார். அந்தக் கை மற்றக் கையைக் காட்டிலும் மிகவும் பருத்திருக்கும். தண்ணீர்க் குடத்தைத் தூக்க அவரால் இயலாது. கையைத் தோளுக்குமேல் உயர்த்தித் தலை வாரிக்கொள்ளவும் இயலாது. 'பெரியம்மாவுக்கு என்ன?' என்று நான் கேட்டால், 'ஒன்றுமில்லை, ஒரு கட்டி எடுத்தார்கள்' என்று சொல்லி என் தாயார் பேச்சை மாற்றிவிடுவார். நோயின் பெயர் எங்கள் வீட்டில் ஒருநாளும் ஒலித்ததில்லை. அது மார்பகப் புற்றுநோய் என்பதும், அக்காலத்து வழக்கப்படி மார்பகத்தோடு மார்புத் தசைகளையும் அக்குளிலிருந்த நிணநீர்க் கணுக்களையும் சேர்த்து அகற்றிவிட்டார்கள் என்பதும், நான் கல்லூரிக்குச் சென்ற பிறகே எனக்குத் தெரிய வந்தன.

நான் மருத்துவன் அல்லேன். வரலாறு கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்டவன். ஆயினும் அந்தப் பருத்த கை என் உள்ளத்தில் ஒரு கேள்வியை விட்டுச் சென்றது. அவ்வளவையும் அகற்றியது தேவைதானா? இதே கேள்விக்கு விடை காண மருத்துவ உலகம் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. அவ்விடை எவ்வாறு கிடைத்தது, அதில் கதிர் மருத்துவத்தின் பங்கு யாது என்பதையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், அமெரிக்காவிலுள்ள பால்ட்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்னும் அறுவை மருத்துவர் புகழ் பெற்று விளங்கினார். மார்பகப் புற்றுநோய் ஒரு புள்ளியில் தோன்றி, எண்ணெய்த் துளி துணியில் படர்வதுபோல், சுற்றிலும் ஒழுங்காகப் பரவும் என்பது அவர் கொள்கை. ஆகவே எவ்வளவு அகலமாகவும் ஆழமாகவும் வெட்டி எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது என்று அவர் கருதினார். 1894ஆம் ஆண்டில், தாம் செய்த 50 அறுவைகளின் விவரத்தை அவர் வெளியிட்டார். அவருடைய முறைக்கு 'ராடிகல்' அறுவை என்று பெயர். அச்சொல் வேர் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. வேரோடு களைதல் என்பதே கருத்து.

ஹால்ஸ்டெட்டைக் குறை கூறுதல் நியாயமாகாது. அவருக்கு முன் அறுவை செய்துகொண்ட பெண்கள் பலருக்கு அதே இடத்தில் நோய் விரைவில் திரும்பிற்று. அவர் முறையால் அது வெகுவாகக் குறைந்தது. ஆனால் ஓர் உண்மை மறைந்து நின்றது. மார்பில் நோய் திரும்பாத பெண்களிலும் பலர், பிற்பாடு எலும்பிலோ நுரையீரலிலோ ஈரலிலோ நோய் தோன்றி மாண்டனர். அவர்களுக்கு, அறுவைக்கு முன்பே நோயின் நுண்ணிய விதைகள் குருதி வழியே வெளியேறிவிட்டிருந்தன. மார்பை இன்னும் ஆழமாக வெட்டியதனால் அவர்களுக்கு வந்த நன்மை என்ன? இதை வெளிப்படையாகக் கேட்கும் துணிவு நெடுங்காலம் பலருக்கு வரவில்லை.

ஹால்ஸ்டெட் தம் கட்டுரையை வெளியிட்ட மறு ஆண்டில், ஜெர்மனியிலுள்ள வூர்ஸ்பர்க் நகரில் வேறொரு கதவு திறந்தது. 1895 நவம்பர் 8ஆம் நாள் ராண்ட்ஜன் என்னும் பௌதிகப் பேராசிரியர் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். அவற்றைக் கொண்டு நோயைப் படம் பிடிக்கலாம் என்று உலகம் வியந்துகொண்டிருக்கும்போதே, நோயைத் தீர்க்கவும் சிலர் முயன்றனர். 1896 ஜனவரியிலேயே சிகாகோ நகரில் மார்பகப் புற்றுநோய் கொண்ட ஒரு பெண்ணுக்குத் தாம் எக்ஸ் கதிர் செலுத்தியதாக எமில் குருபே என்பவர் பிற்காலத்தில் எழுதினார். அவர் கூற்றை ஐயுறுவோரும் உண்டு. ஆனால் அக்கதிர்கள் அவருடைய உடலையே அரித்தன என்பதிலும், அவர் ஒரு கையை இழந்தார் என்பதிலும் ஐயமில்லை. 1898ஆம் ஆண்டின் இறுதியில் மேரி க்யூரியும் அவர் கணவர் பியேரும் ரேடியத்தைக் கண்டறிந்தனர். மருத்துவர் கையில் இப்போது கத்தியோடு கதிரும் சேர்ந்தது.

கதிர் எவ்வாறு நோயை அழிக்கிறது? நம் உயிரணு ஒவ்வொன்றின் உள்ளும், அது பெருகுவதற்கு வேண்டிய கட்டளைகள் நூல் போன்ற ஒரு பொருளில் பதிந்துள்ளன. கதிர் அந்நூலை அறுக்கிறது. நலமான அணு அறுந்த நூலைப் பெரும்பாலும் முடிந்துகொள்ளும். புற்றணு பலவேளைகளில் அதைச் செம்மையாகச் செய்ய மாட்டாமல், பெருக முயலும்போது மடிகிறது. இந்த வேற்றுமையே கதிர் மருத்துவத்தின் உயிர்நிலை. பாரிஸ் நகரில் கிளாடியஸ் ரெகோ என்னும் அறிஞர் ஆட்டுக்கடாக்களைக் கொண்டு செய்த சோதனைகளால் மற்றோர் உண்மை விளங்கிற்று. ஒரே தடவையில் பெருமளவு கதிரைப் பாய்ச்சினால் மேல்தோல் வெந்துவிடுகிறது. அதையே சிறு பகுதிகளாக்கிப் பல நாள் கொடுத்தால் தோல் தப்புகிறது. உள்ளே கருதிய பயனும் கிடைக்கிறது. நாள்தோறும் சிறிது சிறிதாகக் கதிர் கொடுக்கும் வழக்கத்திற்கு இத்தகைய சோதனைகளே அடிப்படையாயின.

இனி இலண்டனுக்கு வருவோம். அங்கே செயின்ட் பார்தலோமியு மருத்துவமனையில் ஜெஃப்ரி கெயின்ஸ் என்னும் அறுவை மருத்துவர் இருந்தார். பொருளாதார அறிஞர் ஜான் மேனார்டு கெயின்ஸின் தம்பி இவர். கவிஞர் வில்லியம் பிளேக்கின் நூல்களை ஆராய்ந்து இலக்கிய உலகிலும் பெயர் பெற்றவர். 1920களில் இவர், ரேடியம் அடைத்த மெல்லிய ஊசிகளை நோயுற்ற மார்பகத்திலும் அக்குளிலும் செருகி வைத்துப் பிறகு எடுத்துவிடும் முறையைக் கையாளத் தொடங்கினார். கட்டியை மட்டும் அகற்றிவிட்டு ஊசிகளை வைப்பதும் உண்டு. 1937ஆம் ஆண்டில் அவர் தம் அனுபவத்தை வெளியிட்டார். பெரிய அறுவையால் வரும் ஊனம் இன்றியே அதற்கு ஒப்பான பலன் கிடைக்கிறது என்பது அவர் முடிவு. சக மருத்துவர் பலர் அதை ஏற்கவில்லை. 1939இல் போர் மூண்டது. கெயின்ஸ் விமானப்படையின் மருத்துவப் பணிக்குச் சென்றார். அவர் ஏற்றிய விளக்கும் மங்கிப் போயிற்று.

ஆனால் அணைந்துவிடவில்லை. கனடாவின் டொராண்டோ நகரில் வீரா பீட்டர்ஸ் என்னும் பெண் மருத்துவர் அதைக் கையில் எடுத்தார். அவருடைய தாயாரே மார்பகப் புற்றுநோயால் பீடிக்கப்பட்டு ரேடிய மருத்துவம் பெற்றவர். அந்நிகழ்ச்சியே மகளைக் கதிர் மருத்துவத் துறைக்கு ஈர்த்தது. பெரிய அறுவைக்கு இசையாத பெண்களுக்கும், அதைத் தாங்கும் வலுவில்லாதவர்களுக்கும், கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர் செலுத்தி வந்தார்கள். அப்பெண்களின் மருத்துவ ஏடுகளைப் பீட்டர்ஸ் பல ஆண்டுகள் பொறுமையாகத் தொகுத்தார். தொடக்க நிலையில் கண்டறியப்பட்ட நோய்க்கு இச்சிறிய மருத்துவமும் பெரிய அறுவைக்கு நிகரான வாழ்நாளைத் தருகிறது என்று 1967ஆம் ஆண்டில் அவர் எழுதினார். கேட்டவர்களில் பலர் ஐயத்தோடே தலையசைத்தனர்.

அவர்கள் ஐயத்திலும் ஒரு நியாயம் இருந்தது என்பதை நாம் மறுத்தல் கூடாது. சிறிய அறுவை பெற்றவர்கள் இயல்பாகவே நோய் குறைந்தவர்களாக இருந்திருக்கலாம் அல்லவா? அவ்வாறானால் அவர்கள் பிழைத்தது மருத்துவத்தாலா, நோயின் மென்மையாலா? இதைத் தீர்க்க ஒரே வழிதான் உண்டு. ஒத்த நிலையிலுள்ள பெண்களை இரண்டு மூன்று கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்திற்கும் ஒவ்வொரு மருத்துவம் செய்து, பல்லாண்டுகள் கவனித்து ஒப்பிட வேண்டும். எந்தப் பெண் எந்தக் கூட்டம் என்பதை மருத்துவரும் முடிவு செய்யலாகாது. பெண்ணும் முடிவு செய்யலாகாது. திருவுளச்சீட்டுப் போன்ற குலுக்கலே முடிவு செய்ய வேண்டும்.

சொல்வது எளிது. சற்று எண்ணிப் பாருங்கள். 'உங்களுக்குப் புற்றுநோய், மார்பகத்தை எடுப்பதா வைத்திருப்பதா என்பதைக் குலுக்கல் சொல்லும், இசைகிறீர்களா?' என்று கேட்டால் எந்தப் பெண் உடனே தலையசைப்பாள்? ஆயினும் இசைந்தனர். இத்தாலியில் மிலான் நகரில் உம்பெர்ட்டோ வெரோனேசி நடத்திய ஆராய்ச்சியில் 1973 முதல் 1980 வரை 701 பெண்கள் சேர்ந்தனர். ஒரு பாதியினர் ஹால்ஸ்டெட் அறுவை பெற்றனர். மற்றப் பாதியினருக்கு நோயுள்ள கால்பகுதி மார்பகத்தையும் அக்குள் கணுக்களையும் மட்டும் எடுத்துவிட்டுக் கதிர் செலுத்தினர். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்துப் பெர்னார்டு ஃபிஷர், 1976ஆம் ஆண்டில் மற்றோர் ஆராய்ச்சியைத் தொடங்கினார். அதில் கூட்டங்கள் மூன்று: மார்பகம் முழுவதையும் எடுத்தல், கட்டியை மட்டும் எடுத்தல், கட்டியை எடுத்துக் கதிரும் செலுத்துதல்.

2002ஆம் ஆண்டில் இவ்விரு ஆராய்ச்சிகளின் 20 ஆண்டுக் கணக்கும் வெளிவந்தது. பெரிய அறுவை பெற்றவர்களும் சிறிய அறுவை பெற்றவர்களும் ஒத்த அளவிலேயே உயிர் வாழ்ந்தனர். வேரோடு களைந்ததனால் வாழ்நாள் கூடவில்லை. கதிரின் பயனும் அக்கணக்கில் தெளிவாகத் தெரிந்தது. ஃபிஷரின் ஆராய்ச்சியில், கட்டியை மட்டும் எடுத்தவர்களில் 100க்கு 39 பேருக்கு அதே மார்பகத்தில் நோய் திரும்பிற்று. கதிரும் பெற்றவர்களில் 100க்கு 14 பேருக்கே திரும்பிற்று.

இடையில் ஒரு சோதனையும் நேர்ந்தது. ஃபிஷரின் ஆராய்ச்சியில் பங்கு கொண்ட மருத்துவமனைகளுள் ஒன்றிலிருந்து வந்த ஏடுகளில் பொய்ப் பதிவுகள் இருந்தன என்று 1994ஆம் ஆண்டில் உலகுக்குத் தெரிந்தது. பெண்கள் பலர் கலங்கினர். அம்மருத்துவமனையின் கணக்கை முழுதும் நீக்கிவிட்டு மீண்டும் ஒப்பிட்டனர். முடிவு மாறவில்லை. வரலாறு பயிலும் மாணவர் இதை நினைவில் வைத்தல் நன்று. ஒரு சான்று பழுதானால் அதை மூடி மறைப்பதனால் உண்மை நிலைப்பதில்லை. எடுத்தெறிந்துவிட்டு எஞ்சியதை மீண்டும் எண்ணிப் பார்ப்பதனாலேயே நிலைக்கிறது.

பின்னர் இத்தகைய 17 ஆராய்ச்சிகளில் சேர்ந்த 10,801 பெண்களின் கணக்கை ஒன்றாகத் தொகுத்து 2011இல் வெளியிட்டனர். கதிர் மருத்துவம், பத்து ஆண்டுகளுக்குள் நோய் திரும்புவதை 100க்கு 35 என்பதிலிருந்து 19 ஆகக் குறைத்தது. பதினைந்து ஆண்டுகளில் அந்நோயால் இறப்போரை 100க்கு 25 என்பதிலிருந்து 21 ஆகக் குறைத்தது. நால்வருக்கு நோய் திரும்பாமல் தடுத்தால் ஓர் உயிர் மிஞ்சுகிறது என்பது அக்கணக்கின் சாரம்.

கதிர் எவ்விதத் தீங்கும் செய்யாத மருந்து என்று எண்ணிவிடக் கூடாது. பழைய கருவிகளின் கதிர் மார்பைக் கடந்து இதயத்தையும் சுட்டது. கதிர் பெற்றுப் பத்து ஆண்டுகளைக் கடந்தவர்களில் வேறு காரணங்களால் இறப்பு மிகுந்திருப்பதை 1987இல் வெளிவந்த ஒரு கணக்கு காட்டிற்று. இதய நோயே அதற்கு முதன்மைக் காரணம் என்பது பிறகு தெளிவாயிற்று. ஆகவே கதிரை வலுப்படுத்துவதைவிட, அதை வேண்டிய இடத்தில் மட்டும் விழச் செய்வதே பெரிய கலையாயிற்று. 1950களில் கோபால்ட் கருவிகளும், மின்துகளை விரைவுபடுத்திக் கதிர் உண்டாக்கும் நேர்கோட்டு முடுக்கிகளும் வந்தன. அவற்றின் கதிர் தோலை எரிக்காமல் உள்ளே சென்றது. 1970களில் உடலின் குறுக்குவெட்டைக் காட்டும் படக்கருவி வந்தது. அதனால் இதயமும் நுரையீரலும் எங்கே இருக்கின்றன என்று ஒவ்வொரு பெண்ணுக்கும் தனித்தனியே அளந்து கதிரின் பாதையை வரைய முடிந்தது. நீங்கள் வடிவ கணிதத்தில் தொடுகோடு என்று படிக்கிறீர்களே, அதைப் போலவே மார்பின் வளைவைத் தொட்டும் தொடாமலும் கதிர் சாய்வாகச் செல்கிறது.

மற்றோர் உத்தி மிக எளிது. இப்போது நீங்கள் மூச்சை ஆழ இழுத்துச் சற்று நிறுத்திப் பாருங்கள். மார்பு எழுகிறதல்லவா? உள்ளே நுரையீரல் விரிந்து, இதயம் மார்புச் சுவரைவிட்டு விலகுகிறது. இடப்பக்க நோய் உள்ள பெண்ணுக்கு, அவர் மூச்சை இவ்வாறு நிறுத்தியிருக்கும் அந்தச் சில விநாடிகளில் மட்டுமே கதிர் செலுத்துகிறார்கள். விலையுயர்ந்த பொறிக்குத் துணையாக நோயாளியின் மூச்சே நிற்கிறது.

இனி நாள் கணக்கைப் பார்ப்போம். கதிரின் அளவைக் 'கிரே' என்னும் அலகால் குறிப்பர். நெடுங்காலம் 50 கிரேயை 25 பகுதிகளாக்கி ஐந்து வாரம் கொடுத்து வந்தனர். நகரத்தில் இருப்பவருக்கு அது தொல்லை மட்டுமே. தொலைவிலுள்ள சிற்றூரிலிருந்து வரும் பெண்ணுக்கோ, அது ஐந்து வாரக் கூலியும் வாடகையும் பிள்ளைகளைப் பிரிந்த துயரும் ஆகும். அந்த இடர்ப்பாட்டால் மருத்துவத்தைப் பாதியில் கைவிடவும் நேரும். ஆனால் மார்பகப் புற்றணு, கதிரின் பகுதி பெரிதா சிறிதா என்பதை உணரும் தன்மையில் நலமான அணுவுக்கு ஏறத்தாழ ஒப்பானது என்று அறிஞர் கண்டனர். அவ்வாறானால் பகுதியைச் சற்றே பெரிதாக்கி, மொத்த அளவையும் நாளையும் குறைக்கலாம் அல்லவா? பிரிட்டனில் 1999இல் தொடங்கிய ஆராய்ச்சிகளால் 40 கிரேயை 15 பகுதிகளாக மூன்று வாரத்தில் கொடுத்தால் போதும் என்று 2008இல் தெளிவாயிற்று. அடுத்து, 4,096 பேரைச் சேர்த்து நடத்திய மற்றோர் ஆராய்ச்சி, 26 கிரேயை ஐந்தே பகுதிகளாக ஒரு வாரத்தில் கொடுத்தாலும் ஐந்து ஆண்டுக் கணக்கில் பலன் குறைவதில்லை என்று 2020இல் காட்டிற்று. ஐந்து வாரம் ஐந்து நாளாயிற்று.

இன்று மருத்துவர் முன் பல வழிகள் உள்ளன. மார்பகம் முழுவதற்கும் கதிர் செலுத்தலாம். திரும்பும் அச்சம் மிகுந்தோருக்குக் கட்டி இருந்த இடத்தில் சிறிது கூட்டியும் கொடுக்கலாம். நோய் மென்மையானதாயின் கட்டி இருந்த பகுதிக்கு மட்டும் கொடுக்கலாம். கெயின்ஸின் ரேடிய ஊசிக்குப் பதிலாக, மெல்லிய குழாய்களின் வழியே கதிரியக்கப் பொருளை உள்ளே செலுத்தி எடுத்துவிடும் முறை உண்டு. தக்கவரெனத் தேர்ந்தவர்களுக்கு, அறுவை மேடையிலேயே கதிர் கொடுத்துவிடும் முறையும் உண்டு. மார்பகத்தை முழுதும் எடுக்க நேர்ந்தவர்களிலும், கணுக்களில் நோய் பரவியவர்களுக்கு மார்புச் சுவருக்கும் கணுக்களுக்கும் கதிர் தேவைப்படும்.

கதிரே வேண்டாம் என்று சொல்லும் நிலையும் சிலருக்கு உண்டு. 65 வயதும் அதற்கு மேலும் ஆன, கணுக்களில் நோய் இல்லாத, ஹார்மோன் மருந்து உண்ணும் 1,326 பெண்களின் பத்து ஆண்டுக் கணக்கு 2023இல் வெளிவந்தது. கதிர் பெறாதவர்களில் 100க்கு 9 அல்லது 10 பேருக்கு அதே மார்பகத்தில் நோய் திரும்பிற்று. பெற்றவர்களில் ஏறத்தாழ ஒருவருக்கே. ஆனால் உயிர் வாழ்ந்தோர் தொகை இரு கூட்டத்திலும் ஒன்றே. எதை ஏற்பது என்பதை அம்முதிய பெண்மணி மருத்துவரோடு கலந்து தாமே முடிவு செய்யலாம். ஹால்ஸ்டெட்டின் காலத்தில் இக்கேள்வியை அவரிடம் கேட்டிருப்பவர் யார்?

கதிர் மருத்துவத்தைப் பற்றி நம்மிடையே வீண் அச்சங்களும் உலவுகின்றன. மார்புக்குச் செலுத்தும் கதிரால் தலைமுடி உதிர்வதில்லை. பொறியின் மூலம் வெளியிலிருந்து கதிர் பெறும் பெண்ணின் உடலில் கதிர் தங்குவதில்லை. வீடு திரும்பியதும் அவர் தம் குழந்தையை அணைத்துக்கொள்ளலாம். தோல் சிவத்தலும் களைப்பும் பெரும்பாலோருக்கு வந்து சில வாரங்களில் தணியும்.

1954ஆம் ஆண்டில், தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கிற்று. நோயின் பெயரையே வீட்டில் சொல்ல அஞ்சிய நாட்டில், அப்பெயரைப் பலகையில் எழுதி வாயிலில் வைத்தது ஒரு பெருந்துணிவு. அத்துணிவு இன்னும் எல்லா வீட்டிற்குள்ளும் நுழைந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். சிறிய அறுவையும் குறைந்த கதிரும், கட்டி சிறிதாயிருக்கும்போதே மருத்துவரிடம் சென்றவர்க்கே பெரும்பாலும் கிட்டும். வெட்கத்தால் மறைத்த கட்டிக்கு இவ்வரலாற்றின் பயன் சென்று சேர்வதில்லை.

வெரோனேசி, ஃபிஷர், பீட்டர்ஸ் என்று சில பெயர்களைச் சொன்னேன். குலுக்கலுக்கு இசைந்த ஆயிரக்கணக்கான பெண்களின் பெயர்களை நான் சொல்லவில்லை. அவை வரலாற்று நூல்களில் இல்லை. தமக்குக் கிடைப்பது சிறந்ததா அன்றா என்று அறியாமலே, பின்வரும் பெண்களுக்கு விடை கிடைக்கட்டும் என்று அவர்கள் தங்கள் உடலைக் கொடுத்தனர். என் பெரியம்மாவுக்கு அவ்விடை காலம் கடந்தே வந்தது. அவர் கையை மூடியிருந்த சேலைத் தலைப்பை நான் இன்னும் மறக்கவில்லை. நீங்கள் இன்று வீட்டிற்குச் சென்றதும், உங்கள் தாயாரிடமோ அத்தையிடமோ இந்நோயின் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பேசுங்கள். நான் அன்று கேட்டும் விடை பெறாத கேள்வியை, உங்கள் வீட்டில் எவரும் இனி மறைக்க வேண்டாம்.